டீச்சர் பக்கத்தில் இன்னொரு கதிரை: ஆரம்ப வகுப்புக்கு உதவப் போகிறவர்களுக்கு

மட்டக்களப்பு வாவிக்கு அந்தப் பக்கம், படுவான்கரையில் ஒரு சின்னப் பள்ளிக்கூடத்துக்கு நான் முதல்நாள் போனபோது கையில் ஒரு பை நிறைய ரொபி இருந்தது. இரண்டாம் தரம், இருபத்திரண்டு பிள்ளைகள். பங்கிட்டு முடிய இருபது நிமிடம், சுற்றிய தாள்களைப் பொறுக்க இன்னும் பத்து நிமிடம். டீச்சர் ஒன்றும் சொல்லவில்லை, சிரித்த முகத்தோடுதான் நின்றா. அடுத்த கிழமை நான் வாசலில் கால் வைத்ததும் பிள்ளைகள் என் முகத்தைப் பார்க்கவில்லை. பையைப் பார்த்தார்கள்.

இந்த வாவியின் இரு கரையிலும் அப்படிப் பையோடு வந்துபோனவர்கள் நிறைய. 2004 சுனாமிக்குப் பிறகு வாகனம் வாகனமாக வந்தார்கள். பாட்டுச் சொல்லிக்கொடுத்தார்கள், படம் எடுத்தார்கள், போனார்கள். யாரையும் குறை சொல்ல இதை எழுதவில்லை. ஆனால் வந்தவர் அடுத்த கிழமையும் வருவாரா என்று பிள்ளைகள் கணக்குப் பார்க்கிறார்கள் என்பதை மனதில் வைத்துக்கொண்டுதான் கீழே உள்ளவற்றைச் சொல்கிறேன். ஓய்வூதியம் எடுத்தவர்களுக்கும், உயர்தரம் எழுதிவிட்டுப் பெறுபேற்றுக்குக் காத்திருப்பவர்களுக்கும், காலையில் இரண்டு மூன்று மணித்தியாலம் கையில் உள்ள தாய்மாருக்கும் இது உதவலாம்.

முதலில் நாளும் தூரமும்

கிழமையில் ஒரு நாள், ஒரே வகுப்பு, ஒரு தவணை முழுவதும். தொடங்குகிறவருக்கு இது போதும். காலை 7.30 மணிக்குப் பள்ளிக்கூடம் தொடங்கும்; இடைவேளை மணி அடிக்கும்வரை இருந்தால் நல்ல வேலை நடக்கும். கிழமைக்கு மூன்று நாள் வருவேன் என்று உற்சாகத்தில் சொல்லிவிட்டு இரண்டாம் மாதத்தில் காணாமற் போவதைவிட, ஒரே ஒரு செவ்வாய்க்கிழமை தவறாமல் வருவது எவ்வளவோ மேல்.

தூரத்தை நேர்கோட்டில் அளக்க வேண்டாம். நடுவில் வாவி கிடக்கிறது. 2014இல் மண்முனைப் பாலம் திறந்த பிறகு ஆரையம்பதிப் பக்கமிருந்து கொக்கட்டிச்சோலைப் பக்கம் போவது சுலபம். குருக்கள்மடத்திலிருந்து அம்பிளாந்துறைக்குப் பாதையில் ஏறுகிறவர்கள் நீரோட்டத்தையும் காற்றையும் கேட்டுத்தான் போக வேண்டும். (வெளியூரார் ‘பாதை’ என்றதும் தெருவென்று நினைப்பார்கள், இங்கே அது ஆளையும் மோட்டார் சைக்கிளையும் ஏற்றிக் கடக்கும் படகு.) கார்த்திகை, மார்கழி மழையில் உள்வீதிகள் பல தண்ணீருக்குள் போய்விடும். ஆகவே சைக்கிளில் போய்வரக்கூடிய பள்ளிக்கூடத்தைத் தேர்ந்தெடுங்கள். நகரத்துப் பெரிய கல்லூரிகளுக்கு ஆள் கிடைக்கும். ஐந்தாம் தரத்தோடு முடிகிற சின்னப் பள்ளிக்கூடங்களுக்குத்தான் கை தேவை.

எந்தத் தரம்? ஐந்தாம் தரத்துக்குப் போகாதீர்கள். அங்கே புலமைப்பரிசில் பரீட்சையின் மூச்சிரைப்பு. புது ஆளுக்கு இடமில்லை. ஒன்றும் இரண்டும் முதலாம் முதன்மை நிலை. விளையாட்டும் செயற்பாடும் கூட, மேசை வேலை குறைவு. பிள்ளைகள் அங்குமிங்கும் நகர்ந்துகொண்டே இருப்பார்கள். டீச்சருக்கு இரண்டாவது சோடிக் கை வேண்டியது அங்கேதான்.

அதிபரைக் காண்பது

நேரே வகுப்புக்குப் போக வேண்டாம். அதிபருக்கு ஒரு பக்கக் கடிதம் எழுதுங்கள்: யார், எங்கே இருக்கிறீர்கள், எந்த நாள், எத்தனை மணி, எந்தத் தவணை. கூடவே அடையாள அட்டைப் பிரதியும், உங்கள் பிரிவுக் கிராம உத்தியோகத்தரிடம் வாங்கிய நற்சான்றிதழும் வையுங்கள். கேட்காவிட்டாலும் வையுங்கள். சின்னப் பிள்ளைகள் இருக்கிற இடத்துக்குள் வருகிற வளர்ந்த ஆள் தன்னைப் பற்றித் தானே சான்று தருவதுதான் மரியாதை.

மாவட்டத்தில் ஐந்து கல்வி வலயங்கள்: மட்டக்களப்பு, மட்டக்களப்பு மத்தி, மட்டக்களப்பு மேற்கு, பட்டிருப்பு, கல்குடா. வெளியார் வகுப்பறைக்குள் வருவதை வலயத்துக்கு அறிவித்துவிட்டே அதிபர் ஒத்துக்கொள்ள விரும்பலாம். அதற்கு ஒரு கிழமை, இரண்டு கிழமை போகலாம்; முகம் சுளிக்காதீர்கள். பாடசாலை அபிவிருத்திச் சங்கக் கூட்டத்தில் உங்களை ஒருமுறை அறிமுகப்படுத்தச் சொல்லுங்கள். தாய்மாருக்கு முகம் தெரிந்துவிட்டால் பாதிச் சந்தேகம் போய்விடும். காத்தான்குடி, ஏறாவூர்ப் பக்கத்து முஸ்லிம் பாடசாலை என்றால் நோன்பு மாத விடுமுறையை வைத்து அவர்களின் தவணை வேறாக இருக்கும். நாட்காட்டியை முதலிலேயே வாங்கிக்கொள்ளுங்கள்.

கடிதத்தில் ஒரு வரி கட்டாயம் இருக்கட்டும்: நான் நியமனம் கேட்டு வரவில்லை. காரணம் உண்டு. யுத்த காலத்தில் ஆசிரியர் இல்லாத வகுப்புகளை வடக்கிலும் கிழக்கிலும் தொண்டர் ஆசிரியர்கள்தான் தாங்கினார்கள். சொற்பக் கொடுப்பனவுக்கும், சில இடங்களில் அதுவும் இல்லாமலும் ஆண்டுக்கணக்காகப் படிப்பித்தார்கள். நிரந்தர நியமனத்துக்காகப் பிறகு வீதியில் நின்றார்கள். சிலருக்குக் கிடைத்தது, சிலருக்கு வயது போய்விட்டது. ‘தொண்டர்’ என்ற சொல் இங்கே அந்த வலியோடுதான் வரும். நீங்கள் வகுப்பறை உதவியாளர். அந்தச் சொல்லையே எழுதுங்கள்.

வகுப்புக்குள் போகுமுன்

டீச்சரிடம் பத்து நிமிடம் கேளுங்கள். நான் எங்கே இருக்க வேண்டும்? எந்தப் பிள்ளைகளோடு? என்ன செய்யக் கூடாது? மூன்றாவது கேள்விக்கு வரும் பதிலில்தான் அந்த வகுப்பே தெரியும். “அந்தப் பிள்ளையிட்ட அம்மாவைப் பற்றிக் கேக்காதீங்க, அக்கா. வெளிநாட்டுல” என்று ஒரு டீச்சர் சொன்னா. அது தெரியாமல் போயிருந்தால் முதல் ஐந்து நிமிடத்திலேயே நான் அதைத்தான் கேட்டிருப்பேன். இங்கே பல பிள்ளைகளை வளர்ப்பது அம்மம்மாதான். “அம்மாட்டச் சொல்லு” என்பதற்குப் பதில் “வீட்ட சொல்லு” என்று பழகிக்கொள்ளுங்கள்.

ஆசிரியருக்கு இன்னொருவர் வகுப்பில் துணை நிற்பது நமக்குப் புதிதல்ல. திண்ணைப் பள்ளியில் சட்டாம்பிள்ளை இருந்தான், மூத்த மாணவன் இளையவனுக்குச் சொல்லிக்கொடுத்தான். சென்னை எழும்பூரில் அந்த வகை முறையை நடத்திய ஆண்ட்ரூ பெல் 1797இல் அதை இங்கிலாந்தில் எழுதிப் பரப்பினார். தமிழ்நாட்டில் 2021இல் தொடங்கிய ‘இல்லம் தேடிக் கல்வி’யில் தன்னார்வலர்கள் மாலையில், பள்ளி நேரத்துக்கு வெளியே, தாமே மையம் நடத்தினார்கள். நாம் பேசுவது வேறு. வகுப்பு டீச்சருடையது. பாடம் டீச்சருடையது. நாம் பக்கத்துக் கதிரை மட்டும்.

பிள்ளையின் பக்கத்தில்

சின்னக் கதிரையிலேயே இருங்கள். முழங்கால் வலித்தால் பாயில். மேலேயிருந்து குனிந்து பார்க்கும் ஆளிடம் பிள்ளை கொப்பியை மறைக்கும்.

வாசிக்கும்போது விரல் பிள்ளையின் விரலாக இருக்கட்டும். சொல்லில் தடக்கினால் மனதுக்குள் பத்துவரை எண்ணுங்கள். நான் முதல் மாதம் இரண்டு எண்ணுமுன்பே சொல்லைக் கொடுத்துவிடுவேன். எழுத்து வராத இடத்தில் பென்சிலையும் வாங்கி எழுதிவிடுவேன். ஒருநாள் டீச்சர் மெதுவாகக் கேட்டா: “அக்கா, நீங்க எழுதிக் குடுத்தா அவன் எப்ப எழுதுவான்?” அதற்குப் பிறகு என் கையில் பென்சில் இல்லை. உங்கள் கையிலும் வேண்டாம்.

எந்த எழுத்து முதலில் என்று வீட்டு வழக்கப்படி அ, ஆ என்று தொடங்கிவிடாமல், வகுப்பில் போகும் வரிசையைக் கேட்டுக்கொள்ளுங்கள். குழம்பும் இடங்கள் பெரும்பாலும் ஒன்றுதான். ப, ம. ல, வ. ன, ண. எல்லாவற்றிலும் கடினம் ‘கொ’. ‘கொக்கு’ என்று கேட்கும்போது காதில் முதலில் விழுவது க். எழுதப் போனால் கொம்பை முதலில் போட வேண்டும், பிறகு க, பிறகு கால். ஒரே ஓசை எழுத்தின் இரு பக்கமும் உட்கார்ந்திருக்கிறது. இதைக் கவனமின்மை என்று சொல்லிவிட்டுப் போகக் கூடாது. முற்றத்து மணலில் விரலால் கொம்பு, க, கால் என்று சொல்லிக்கொண்டே ஐந்து முறை கீறச் செய்யுங்கள். கொக்கு, தோணி, கோழி. சொற்கள் அந்தப் பிள்ளை காலையில் கண்டவையாக இருக்கட்டும்.

பின்தங்கிய பிள்ளைக்கு முந்தின தரத்துப் புத்தகம் கொடுக்க நினைத்தால் டீச்சரிடம் கேட்டுவிட்டு, அட்டைக்குப் பத்திரிகைத் தாள் சுற்றிக் கொடுங்கள். பக்கத்துப் பிள்ளை அட்டையைக் கண்டு சிரித்தால் அன்றைய வாசிப்பு அத்தோடு சரி.

கணக்கில் 32இலிருந்து 17ஐக் கழிக்கச் சொன்னால் பலர் 25 என்று எழுதுவார்கள். 7இலிருந்து 2ஐக் கழித்துவிடுகிறார்கள். சின்ன எண்ணைப் பெரிய எண்ணிலிருந்து எடுப்பதுதான் அவர்களுக்கு நியாயமாகப் படுகிறது. கரும்பலகையில் பத்துமுறை விளக்குவதைவிட, ஈர்க்கிலைச் சின்னதாக முறித்து, கூர் முனையை நறுக்கி, பத்துப் பத்தாகக் கட்டுங்கள். மூன்று கட்டும் இரண்டு தனியும் முன்னால் வையுங்கள். பதினேழு எடு. பிள்ளை ஒரு கட்டை எடுக்கும், தனியில் ஏழு தேடும், இரண்டுதான் இருக்கும். அங்கே பேசாமல் இருங்கள். கட்டை அவிழ்க்கலாம் என்று அதற்கே தோன்றும். ஊரி, புளியங்கொட்டை, சோடா மூடி எல்லாம் எண்ணுவதற்கு நல்லவை, அவிழ்ப்பதற்கு ஈர்க்கில்தான். வாவிக்கரையில் நண்டு விற்கும்போது ஐந்நூறு ரூபாய்க்கு மிச்சக் காசு சரியாகக் கொடுக்கிற பொடியன் கொப்பியில் அதே கணக்குக்கு முழிப்பான். “நண்டு வித்தா எப்பிடிக் குடுப்பாய்?” என்று கேட்டுப் பாருங்கள். விடை வாயில் வரும். பிறகு அதைக் கொப்பிக்குக் கொண்டுவரலாம்.

பேச்சைத் திருத்துவதில் ஒரு நிதானம் வேண்டும். மட்டக்களப்புப் பிள்ளை ‘கிறுகு’ என்று சொல்லும், பிறகு என்பதற்கு ‘மறுகா’ என்று சொல்லும். “பிழை” என்று வெட்டினால் அடுத்த முறை வாயே திறக்காது. “நாங்க கிறுகுறது எண்டு கதைப்பம், புத்தகத்தில திரும்புறது எண்டு எழுதுவம்” என்று சொன்னால் பிள்ளைக்கு இரண்டு சொல் கிடைக்கிறது. என்னிடம் கதை கேட்க இருந்த ஒரு சின்னப் பிள்ளை ஒவ்வொரு வரி முடிவிலும் “மறுகா?” என்று கேட்டாள். கதை கேட்க அதைவிட நல்ல சொல் எந்தப் புத்தகத்தில் இருக்கிறது என்று எனக்குத் தெரியவில்லை.

ஆள் குறையும் நாட்கள்

வைகாசியில் கண்ணகை அம்மன் சடங்கு நடக்கும் கிழமை வரவு குறையும். வயல் வெட்டு நாட்களிலும் அப்படித்தான். வராத பிள்ளையை வந்த அன்று விசாரிக்காதீர்கள். விட்ட பாடத்தைப் பக்கத்தில் இருந்து பிடித்துக் கொடுங்கள். ஐந்தாறு பிள்ளைகள் மட்டும் வந்த நாள் உங்களுக்கு வாய்ப்பு. வாசிப்பில் பின்தங்கியவரோடு அரை மணித்தியாலம் தனியாகக் கிடைக்கும், டீச்சரின் கண் முன்னாலேயே.

கை, காசு, கைத்தொலைபேசி

கல்வி அமைச்சின் 2005/17 சுற்றறிக்கை பாடசாலையில் உடல் தண்டனையை விலக்குகிறது. குட்டும் தண்டனைதான், காதைத் திருகுவதும் தண்டனைதான், “சும்மா விளையாட்டுக்கு” என்றாலும். வேறு யாரும் அடிப்பதைக் கண்டால் பிள்ளைகள் முன் சண்டை பிடிக்காமல் அதிபரிடம் தனியாகச் சொல்லுங்கள்.

மூடிய அறையில் ஒரு பிள்ளையோடு தனியே இருக்காதீர்கள். மலசலகூடத்துக்குக் கூட்டிப்போவதென்றால் டீச்சருக்குச் சொல்லி, இரண்டு பிள்ளைகளாக. தொலைபேசி பைக்குள் இருக்கட்டும். படம் எடுத்து முகநூலில் போடுவது உதவியில் சேராது. காசு கொடுக்கவே வேண்டாம். பென்சிலும் அழிறப்பரும் வாங்க மனம் வந்தால் டீச்சரின் அலுமாரியில் வைத்துவிடுங்கள். யார் வாங்கியது என்று பிள்ளைக்குத் தெரியத் தேவையில்லை.

ஒரு பிள்ளை வீட்டில் நடக்கும் ஏதாவது துன்பத்தைச் சொன்னால், “யாரிட்டையும் சொல்லமாட்டன்” என்று வாக்குக் கொடுக்காதீர்கள். குடைந்தும் கேட்காதீர்கள். சொன்ன சொல்லை அப்படியே அன்றே அதிபரிடம் சொல்லுங்கள். தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகாரசபையின் இலக்கம் 1929, எந்த நேரமும் அழைக்கலாம்.

சாப்பாட்டு நேரம்

2024இலிருந்து ஆரம்பப் பிரிவுப் பிள்ளைகள் எல்லோருக்கும் பாடசாலை உணவு என்று திட்டம் விரிந்தது. சமைப்பது பல இடங்களில் தாய்மார். நீங்கள் பரிமாறப் போட்டி போட வேண்டாம், கைகழுவும் இடத்தில் சவர்க்காரத்தோடு நில்லுங்கள். யார் சாப்பிடாமல் இருக்கிறார், யார் பாதியைத் தங்கச்சிக்கென்று மூடி வைக்கிறார் என்பது அங்கே நின்றால் தெரியும். டீச்சருக்கு மட்டும் சொல்லுங்கள்.

தவணை முடிவில்

நாற்பது பக்கக் கொப்பி ஒன்றில் ஒவ்வொரு நாளும் மூன்று வரி எழுதி, தவணை முடிவில் அதை டீச்சரிடம் கொடுத்துவிடுங்கள். வீட்டுக்குக் கொண்டுபோக வேண்டாம். “கவனமில்லை” என்று எழுதினால் அது தீர்ப்பு. “கொ, கோ குழப்பம், யன்னல் பக்கம் இருத்தினால் தோணியைப் பார்க்கிறான்” என்று எழுதினால் டீச்சருக்கு அடுத்த நாளே பயன்படும்.

வருவதை நிறுத்தப் போகிறீர்கள் என்றால் ஒரு கிழமை முன்பே, நாட்காட்டியில் திகதியைத் தொட்டுக் காட்டிச் சொல்லுங்கள். திரும்பி வரும் திகதி தெரிந்தால் அதையும் தொட்டுக் காட்டுங்கள். தெரியாவிட்டால் “பிறகு வருவன்” என்று சொல்லாமல், “இண்டையோட முடியுது” என்றே சொல்லுங்கள். ஒன்றிரண்டு பிள்ளைகள் அழலாம். மற்றவர்கள் இடைவேளை மணி அடித்ததும் முற்றத்துக்கு ஓடிவிடுவார்கள். நீங்கள் அலுவலகத்துப் புத்தகத்தில் வெளியேறும் நேரத்தைக் குறித்துவிட்டுப் போங்கள்.