லூபெக்கில் எங்கே தங்கலாம்?

வட ஜெர்மனியின் லூபெக்கில் அறை தேடுபவர்கள் விலையைப் பார்ப்பதற்கு முன் வரைபடத்தைப் பார்ப்பது நல்லது. பழைய நகரம் முழுவதும் டிராவே ஆறும் கால்வாயும் சூழ்ந்த ஒரு தீவு. சுமார் 2 கி.மீ. நீளம், 1 கி.மீ. அகலம், அவ்வளவுதான். ஹன்சா வணிகக் கூட்டமைப்புக்குப் பல நூறு ஆண்டுகள் தலைமை தாங்கிய ஊர் இது. 1987 முதல் யுனெஸ்கோ பட்டியலில் இருக்கிறது. தீவுக்குள் தங்கலாம், ரயில் நிலையத்தை ஒட்டித் தங்கலாம், கடலோரத்து டிராவமுண்டேவில் தங்கலாம், இல்லையென்றால் ஹாம்பர்கிலிருந்து வந்துபோகலாம்.

தீவுக்குள் தங்குவதுதான் சரி என்பேன். 1478இல் கட்டி முடித்த ஹோல்ஸ்டன்டோர் வாயில் முன் பகலெல்லாம் மொய்க்கும் கூட்டம் சாயங்காலம் ரயிலேறிவிடும். செங்கல் வீடுகளுக்கு இடையே குனிந்து நுழையவேண்டிய சந்துகளும், அவற்றின் முடிவில் திறக்கும் சிறு முற்றங்களும் அதன்பிறகு அமைதியாகிவிடும். அங்கே இன்றும் குடும்பங்கள் வாழ்கின்றன. மெல்லப் பேசி நடக்கவேண்டும். காலையில் மரியாள் தேவாலயம் திறந்ததுமே உள்ளே போய்விடலாம். 1942 விமானத் தாக்குதலில் கோபுரத்திலிருந்து விழுந்து நொறுங்கிய மணிகளை விழுந்த இடத்திலேயே விட்டுவைத்திருக்கிறார்கள். அவற்றின் முன் கூட்டமில்லாமல் சற்று நேரம் நிற்கக் கிடைப்பதற்காகவே பக்கத்தில் தங்கலாம்.

ஆனால் அறையைப் பார்த்து எடுக்கவேண்டும். வணிகர் வீடுகள் தெருவுக்குக் குறுகிய முகம் காட்டிப் பின்னோக்கி நீண்டவை. கீழே உயரமான கூடம், மேலே கூரையடியில் சரக்கு அடுக்கும் தளங்கள். அப்படிப்பட்ட வீடு ஓட்டலாக மாறியிருந்தால் மேல்தள அறையில் சாய்ந்த கூரை தலையில் இடிக்கும். கோடையில் வெக்கையும் சேரும், ஏசி பெரும்பாலும் இருக்காது. பின்கட்டில் முற்றத்தைப் பார்த்த அறை கிடைத்தால் யோசிக்காமல் எடுத்துக்கொள்ளுங்கள். லிஃப்ட் இருக்கிறதா என்று எழுதிக் கேளுங்கள். செங்குத்தான மரப்படியில் பெரிய சூட்கேஸைத் தூக்குவது எளிதல்ல. கல் பாவிய தெருவில் அதன் சக்கரமும் சரியாக உருளாது.

முழங்கால் வலியுள்ள பெற்றோரோடு வருகிறவர்களும் விடியற்காலை ரயிலைப் பிடிக்கவேண்டியவர்களும் நிலையப் பக்கமே தங்கட்டும். ஓட்டல்கள் புதியவை, லிஃப்ட் கிடைக்கும். ஹோல்ஸ்டன்டோருக்குப் பத்து நிமிட நடைதான் என்பதால் இழப்பு அதிகமில்லை.

டிராவமுண்டே வேறு வகை. பால்டிக் கடல், மணல், 1911இல் கட்டிய பாசாட் என்ற பாய்க்கப்பல். குழந்தைகளோடு கோடையில் நான்கைந்து நாள் இருப்பவர்களுக்கு ஏற்றது. வாடகையோடு கடற்கரை ஊருக்கான தங்கல் வரியும் சேரும். ஜூலைக் கடைசியில் பாய்மரப் படகுப் போட்டி நடக்கும்போது அறை கிடைப்பது கடினம். ஊரைப் பார்க்க மட்டும் வருபவர் இங்கே தங்கினால் தினமும் ரயிலில் போய்வர வேண்டியிருக்கும்.

ஹாம்பர்க் முக்கால் மணி நேர ரயில் தூரம். நவம்பரில் நார்டிக் திரைப்பட விழா, டிசம்பரில் கிறிஸ்துமஸ் சந்தை என்று லூபெக் நிரம்பும் நாட்களில் மட்டும் அதை நாடலாம்.

எங்கே எடுத்தாலும் காலை உணவு வாடகையில் அடக்கமா என்று பாருங்கள். சிறிய ஓட்டல்களில் இரவு முழுக்க வரவேற்பில் ஆள் இருப்பதில்லை. தாமதமாக வருவதானால் முன்கூட்டியே எழுதி, சாவி எங்கே கிடைக்கும் என்று கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.