சபையில் விழும் கடுஞ்சொல் – சத்தியாணுவிரதப் பாடம்

சத்தியாணுவிரதத்திற்கு அதிசாரங்கள் ஐந்து. பொய்யான உபதேசம், மறைவில் நிகழ்ந்ததை வெளிப்படுத்தல், பொய்யெழுத்து எழுதுதல், அடைக்கலப் பொருளைக் கவர்தல், குறிப்பால் அறிந்த இரகசியத்தைப் பரப்புதல் என உமாஸ்வாமி ஆசாரியர் தத்துவார்த்த சூத்திரத்தில் அவற்றை வகுத்துள்ளார். சமந்தபத்திர சுவாமிகள் இரத்தினகரண்ட சிராவகாசாரத்தில் முதலாவதற்கும் இறுதியானதற்கும் பதிலாகப் பரிவாதத்தையும் பைசுன்யத்தையும் கூறுவார். பழிதூற்றலும் கோள் மூட்டலும் என்பது இவற்றின் பொருள்.

இப்பகுதியைப் படிக்குங்கால் வீட்டையும் கடையையும் மனத்திற்கொண்டு படிப்பதே நம் வழக்கம். அடகு வைத்த நகையை இல்லை என்று மறுத்தல், கள்ளப் பத்திரம் எழுதுதல் ஆகியவையே எடுத்துக்காட்டுகளாக வரும். ஆயினும் பலர் ஒன்றுகூடி ஓர் அறத்தின் பொருட்டுக் குரல் எழுப்பும் இடத்திலும் இவ்வைந்தும் நிகழ்கின்றன. வீட்டில் நிகழ்வதினும் விரைவாக நிகழ்கின்றன. அங்கே சொல்லுக்குக் காவல் யார் என்பதே இந்த இதழில் நாம் ஆராய இருப்பது. நம் சங்கங்களும் கற்படுக்கைகளையும் கல்வெட்டுகளையும் காக்க வேண்டிக் குரல் எழுப்பி வருவதால், இது நம் அலுவல் அன்று என ஒதுக்க இயலாது.

எடுத்துக்காட்டிற்குத் தொலைவு செல்ல வேண்டியதில்லை. 2019-ஆம் ஆண்டு உருவான கள்ளக்குறிச்சி மாவட்டம் நமக்கு அயலன்று. திருநறுங்கொண்டை அப்பாண்டைநாதர் எழுந்தருளியிருக்கும் மலை அம்மாவட்டத்தின் உளுந்தூர்ப்பேட்டை வட்டத்தில் உள்ளது. அதே மாவட்டத்தில் சின்னசேலத்தை அடுத்த கனியாமூரில், ஒரு தனியார் உறைவிடப் பள்ளியில் பன்னிரண்டாம் வகுப்பு பயின்ற மாணவி 13-7-2022 அன்று இறந்து கிடந்தார். பெற்றோர் ஐயம் எழுப்பினர், நீதி வேண்டினர், மறு உடற்கூறாய்வு கோரினர். அவர்கள் கேட்டவை அனைத்தும் முறையானவை. ஊரார் பலரும் அவர்களுடன் நின்றதும் இயல்பே.

நான்கு நாட்களில் அக்குரல் வேறாயிற்று. 17-7-2022 ஞாயிற்றுக்கிழமை பள்ளியின் முன் திரண்ட கூட்டம் வாயிலை உடைத்து உட்புகுந்தது. பேருந்துகள் எரிக்கப்பட்டன. வகுப்பறைகள் சூறையாடப்பட்டன. மேசை நாற்காலிகளைத் தூக்கிச் சென்றவரும் உளர். காவல்துறை உயர் அதிகாரி உள்ளிட்ட பலர் காயமுற்றனர். அலுவலகத்தில் இருந்த மாணவர்தம் சான்றிதழ்களும் தீக்கிரையாயின. அச்சான்றிதழ்களுக்கு உரியவர்களும் இறந்துபோன பெண்ணின் வயதை ஒத்த பிள்ளைகளே என்பதை எண்ணுவார் அன்று அங்கு இல்லை. அப்பகுதியில் 144 தடையுத்தரவு பிறப்பிக்கப்பட்டது. 300-க்கும் மேற்பட்டோர் கைதாயினர். கைப்பேசிக் குழுக்களில் பரவிய செய்திகளால் திரட்டப்பட்டு வந்தோர் அக்கூட்டத்தில் பலர் எனக் காவல்துறை தெரிவித்தது. மறுநாள் 18-7-2022 அன்று சென்னை உயர்நீதிமன்றம், இது திடீரென எழுந்த கொந்தளிப்பன்று, திட்டமிட்ட செயல் போலத் தோன்றுகிறது எனக் கருத்துரைத்தது. பெற்றோர் கோரிய மறு உடற்கூறாய்விற்கு ஆணை பிறந்ததும் அதே நாளில்தான். தீ வைத்தவர் எவரும் அந்த ஆணையைப் பெற்றுத் தரவில்லை. மனுவே பெற்றுத் தந்தது.

பேருந்தில் வைத்த தீக்கு முன்னர்ச் சொல்லில் வைத்த தீ ஒன்று உண்டு. அதனைப் பகுத்தறிய அமிர்தசந்திர ஆசாரியரின் புருஷார்த்த சித்தியுபாயம் பேருதவி புரிகிறது. பொய்யை நான்காகப் பகுக்கும் அவர், உள்ளதை இல்லை எனல், இல்லாததை உண்டு எனல், ஒன்றை மற்றொன்றாகக் கூறல் ஆகிய மூன்றனோடு நிறுத்தவில்லை. நான்காவதாக ஒரு வகை வைத்து அதனையும் மூன்றாகப் பிரிக்கிறார். கோள், ஏளனம், கடுமொழி, பிதற்றல் ஆகியன கர்ஹிதம், அதாவது இகழத்தக்க சொல். வெட்டு, பிள, கொல், திருடு என உயிர்வதையிலும் தீச்செயலிலும் பிறரைச் செலுத்துவது சாவத்தியம். அச்சம், வருத்தம், பகை, கலகம் ஆகியவற்றை விளைப்பது அப்பிரியம். இவையெல்லாம் பொய்யின் வகைகள் என்கிறார் என்பதைக் கவனித்தல் வேண்டும். செய்தி உண்மையாயினும், கொளுத்துவதற்குச் சொல்லப்பட்டால் அது சத்தியத்தில் சேராது. ஆபத்தை விளைக்கும் உண்மையையும் இல்லறத்தான் உரைத்தல் தகாது என்பதே சமந்தபத்திரர் கருத்தும். இரத்தினகரண்டத்தை அடியொற்றிய நம் அருங்கலச்செப்பைப் பயில்வோர் இதனை அறிவர்.

இம்மூன்றனையும் கையிற்கொண்டு, ஒரு சபையில் எழும் சொற்களைப் பகுத்துப் பார்ப்போம். "நாளை அனைவரும் வாருங்கள், ஒன்றையும் விட்டுவைக்கக் கூடாது" என்று ஒருவர் சொன்னால் அது சாவத்தியம். அதன்மேல் ஆராய்ச்சி வேண்டுவதில்லை. அக்கணமே நிறுத்தப்பட வேண்டியது. இறந்த பெண்ணின் தனி வாழ்வைப் பற்றி ஊகம் பேசினால் அது ரகோப்யாக்கியானம், மறைவை வெளியிடும் அதிசாரம். இறந்தவர் மறுத்துரைக்க வர இயலாமையால் அது இருமடங்கு கொடிது. எவரோ புனைந்த கடிதத்தையோ படத்தையோ ஆதாரம் என்று காட்டினால் அது கூடலேகக் கிரியை, பொய்யெழுத்து. இவற்றை நீக்குவதில் தயக்கத்திற்கு இடமில்லை.

இடர்ப்பாடு அப்பிரியத்தில்தான் உள்ளது. கேட்போர்க்கு இனிக்காத சொல் அனைத்தையும் நீக்கத் தொடங்கினால், நீதி கேட்கும் சொல்லே முதலில் நீங்கும். "விசாரணை முறையாக நடைபெறவில்லை" என்பது அதிகாரிக்குக் கசக்கும். "நம் சங்கத்தின் கணக்கைக் காட்டுங்கள்" என்பது பொருளாளர்க்குக் கசக்கும். இவை பொய்யின் வகையில் அடங்குமோ? அடங்கா. அமிர்தசந்திரரே இதற்கு விடை தந்துள்ளார். பொய்க்கெல்லாம் ஏது பிரமத்த யோகம், அதாவது கஷாயங்களால் மயங்கிய மன மொழி மெய்களின் இயக்கம். ஆதலின், விடத்தக்கதை விடுக என்றும் செய்யத்தக்கதைச் செய்க என்றும் எடுத்துரைக்கும் சொல் கேட்பவனை வருத்தினும் பொய்யாகாது என்பது அவர் முடிபு. ஆகவே, சொல் கசக்கிறதா என்று மட்டும் பார்த்தல் போதாது. வெகுளியும் மானமும் அதனை இயக்குகின்றனவா, அது எவர்மேல் போய் விழுகிறது என்பவற்றையும் காவலன் பார்த்தல் வேண்டும். சபைத் தலைவர்களில் பலர் இவ்விடத்தில் தவறுகின்றனர் என்பது எம் கருத்து. தம்மைக் குறை கூறிய சொல்லை விரைந்து நீக்குவர். தம் பக்கத்தார் எதிரியைத் தூற்றிய சொல்லை "ஆர்வமிகுதி" என்று விட்டுவிடுவர்.

இதனைத் தெளிவாக்க மற்றொரு நிகழ்ச்சி. 2024 ஜூன் 18, 19 தேதிகளில் தொடங்கி, கள்ளக்குறிச்சி நகரின் கருணாபுரத்திலும் சுற்றுப்புறங்களிலும் மெத்தனால் கலந்த சாராயம் அருந்தி 65-க்கும் மேற்பட்டோர் மாண்டனர். இறந்தோர் குடும்பங்களுக்கு அரசு தலா 10 லட்சம் ரூபாய் வழங்கியது. இத்தொகை தகுமா என்று நீதிமன்றத்தில் ஒருவர் வழக்கும் தொடுத்தார். அக்கேள்வி கசப்பானது, ஆயினும் கேட்கத்தக்கது. அதே கேள்வியைக் கையிற்கொண்டு, கணவனை இழந்தவளை நோக்கி "உனக்கு நல்ல வரவு" என நகைத்தால் அது கர்ஹிதம். இரண்டும் ஒரே பொருளைப் பற்றிய சொற்களே. ஒன்று சபையில் இருக்கலாம்; மற்றது இருத்தல் ஆகாது. மதுவை விலக்கிய மரபில் வந்த நமக்கு, குடித்து மாண்டவரைப் பற்றிப் பேசும்போது இரண்டாவது சொல் எளிதில் வாயில் வந்துவிடும் என்பதால் இதனைச் சற்று அழுத்தியே எழுதுகிறோம்.

அந்நாட்களில் கல்வராயன் மலைமேலும் சொல் பாய்ந்தது. மலைவாழ் மக்கள் எல்லாருமே சாராயம் காய்ச்சுவோர் எனப் பொதுப்படப் பேசினர். அம்மலையில் கள்ளச்சாராயம் காய்ச்சப்பட்டு வந்தது உண்மை. ஆனால் "எல்லாருமே" என்னும் சொல் ஏகாந்தம். ஒரு சார்பில் உண்மையானதை எல்லாச் சார்பிலும் உண்மை என நாட்டும் குற்றம் அது. கருணாபுரத்தில் உயிர்கொண்ட மெத்தனால் மலை ஊறலில் வடிப்பதன்று. தொழிற்சாலைகளுக்கு உரிய கரைப்பான். மலையை ஏசுவதிலேயே மனம் நிறைந்தவர்க்கு, அந்நஞ்சு எங்கிருந்து எவ்வாறு வந்தது என்று கேட்கத் தோன்றாது. அம்மலை 1976 வரை ஜாகீர்தார்களின் பிடியில் இருந்தது. அங்குள்ள மலையாளிப் பழங்குடியினர் கூலியின்றி உழைத்த கொடுமையும் உண்டு. 2024 ஜூலையில் சென்னை உயர்நீதிமன்றம் தானாகவே முன்வந்து, அம்மக்களின் சாலை, கல்வி, மருத்துவ வசதிகள் பற்றிய வழக்கை எடுத்துக்கொண்டது. மலையைப் பற்றிய ஒரு சொல்லில் இத்தனை சார்புகள் அடங்கியுள்ளன. மாற்றார் கொள்கையை முதலில் அவர் நிலையிலேயே நின்று எடுத்துக்கூறிப் பின்னரே மறுப்பது நம் நீலகேசியின் முறை. மலைமக்களைப் பற்றிப் பேச விரும்புவோர் முதலில் அவர் நிலையினைச் சொல்லட்டும் எனச் சபைத் தலைவர் விதித்தால், பாதிச் சொற்கள் தாமே அடங்கிவிடும்.

இனி, தலைவரின் பொறுப்பு. கைப்பேசிக் குழுவில் ஒருவர் இட்ட தீச்செய்திக்குக் குழுத் தலைவர் குற்றவாளி ஆவாரா என்னும் கேள்வி கரூர் வழக்கறிஞர் குழு ஒன்றைப் பற்றிய வழக்கில் எழுந்தது. 2021 டிசம்பரில் சென்னை உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை, அவர் தலைவராக மட்டுமே இருந்து வேறெதுவும் செய்யவில்லை எனில் அவர் பெயரை வழக்கினின்று நீக்க வேண்டும் என்றது. சட்டத்தின் அளவில் இது சரியே. பிறர் வாயை ஒருவர் தைத்துவிட இயலாதே. ஆனால் வினை வந்து ஒட்டும் வாயில்களாகச் செய்தல், செய்வித்தல், உடன்படுதல் என்னும் கிருத காரித அனுமதங்கள் மூன்றையும் ஆகமம் கூறுகிறது. நீக்கும் ஆற்றல் தன் கையில் இருக்க, தீச்சொல்லை அறிந்தும், நம் பக்கத்திற்கு ஆதாயம் என்று உள்ளூர மகிழ்ந்து விட்டுவைத்தவன் மூன்றாம் வாயிலில் நிற்கிறான். நீதிமன்றம் அவனை விடுவித்தாலும் ஆஸ்ரவம் விடுவிக்காது.

இங்கே ஓர் ஐயம் எழக்கூடும். வசைச்சொல்லைப் பொறுத்தல் இருபத்திரண்டு பரீஷகங்களுள் ஒன்றாகிய ஆக்ரோச பரீஷகம் அன்றோ? பல பிறவிகளாகப் பகை தொடர்ந்த கமடன் கல்லும் மழையும் பொழிந்தபோதும் பார்சுவநாதர் அசைந்தாரில்லையே; அவரே அன்றோ திருநறுங்கொண்டையில் அப்பாண்டைநாதராக வீற்றிருப்பவர்? பின்னர் நாம் ஏன் வசையை நீக்க வேண்டும் எனக் கேட்கலாம். பொறை என்பது தன்மேல் வந்ததைத் தான் பொறுத்தல். சபைத் தலைவரை ஏசினால் அவர் பொறுக்கட்டும். அது நிர்ஜரைக்கு ஏதுவாகும். மகளை இழந்த தாயையும், மலையிலிருந்து வந்த மாணவனையும் ஏசும்போது, அவர்களுக்காகத் தலைவர் பொறுத்துக்கொள்வது பொறையாகாது. அவர்கள் பரீஷகம் ஏற்றுத் துறவு பூண்டவர்களும் அல்லர். பார்சுவநாதர் பொறுத்தார்; தரணேந்திரனோ படம் விரித்துக் காத்தான். சபைத் தலைவர்க்கு உரிய இடம் தரணேந்திரனின் இடம்.

நீக்கும் முறையிலும் அளவு வேண்டும். துறவியர்க்கு உரியனவாகத் தத்துவார்த்த சூத்திரத்தின் ஒன்பதாம் அத்தியாயம் கூறும் பிராயச்சித்தங்கள் ஒன்பது. இல்லறத்தார் சபைக்கு அவற்றை அப்படியே கொண்டுவருதல் பொருந்தாதெனினும், படிமுறை பயன்படும். முதற்படியாகிய ஆலோசனையில் குற்றம் தனியே குருவிடம் உரைக்கப்படுகிறது, ஊரறியப் பறையறைவதில்லை. அவ்வாறே கடுஞ்சொல் கூறியவரையும் தனியே அழைத்துப் பேசுதல் தகும். பிறர் குற்றத்தைப் பரப்பாமை உபகூஹனம், வழுவியவரை மீண்டும் நிலைநிறுத்தல் ஸ்திதிகரணம். இரண்டும் நற்காட்சியின் அங்கங்கள் அன்றோ? விவேகம் என்னும் பிராயச்சித்தத்தில், குற்றமுற்ற பொருள் மட்டும் பிரித்து விலக்கப்படும், உடையவர் விலக்கப்படுவதில்லை. சொல்லை எடுத்துவிட்டுச் சொன்னவரை இருத்திக்கொள்வது இப்படியே. எட்டாவதாகிய பரிகாரத்தில்தான் ஆளைச் சங்கத்தினின்று விலக்குதல் வருகிறது. அதுவும் பட்சம், மாதம் என ஒரு கால எல்லைக்கு உட்பட்டது. ஒன்பதாவதோ உபஸ்தாபனம், தீக்கையை மீண்டும் அளித்துச் சேர்த்துக்கொள்ளல்.

நம் சங்கங்களின் நடவடிக்கை ஏடுகளில், விலக்கப்பட்டவர் பெயரும் விலக்கிய தேதியும் இருக்கும். அவற்றின் அருகே, அவரை மீண்டும் அழைக்க வேண்டிய தேதியையும் அன்றே எழுதி வைத்தல் நலம்.

அடுத்த இதழில் அசௌரியாணுவிரதத்தின் அதிசாரங்களைக் காண்போம்.