பகிர்ந்த கோப்புறை திறக்காதது ஏன்? நம்பிக்கைகளும் உண்மைகளும்

இணையம் அறுந்தால் வீட்டுக் கணினிகளுக்கிடையே பகிர்ந்த கோப்புறையும் திறக்காது என்பது பரவலான நம்பிக்கை. ஒரே ரவுட்டரில் சேர்ந்த கணினிகள் கோப்பைப் பரிமாறிக்கொள்ள வெளி இணைப்பு தேவையில்லை. இடி மழையில் யூனிஃபை இணையம் துண்டிக்கப்பட்டாலும், ரவுட்டருக்கு மின்சாரம் இருக்கும்வரை கோப்புறை திறக்க வேண்டும். திறக்காவிட்டால் காரணம் வீட்டுக்குள்ளேயே இருக்கிறது.

ஒரே வீட்டில் இருக்கும் கணினிகள் ஒரே வலையில்தான் இருக்கும் என்பதும் சரியல்ல. ஈப்போவின் நீண்ட கடைவீடுகளிலும், சுங்கை சிப்புட் பக்கம் முன்னாள் ரப்பர் தோட்ட நிலங்களில் எழுந்த தாமான்களிலும் பின்னறைக்கு அலை எட்டாவிட்டால் இரண்டாவது ரவுட்டர் பொருத்துவது வழக்கமான தீர்வு. அந்த ரவுட்டரும் தானே முகவரி வழங்கத் தொடங்கினால் வீட்டில் இரண்டு வலைகள் உருவாகிவிடும். ஒரு கணினியின் முகவரி 192.168.0 என்றும் மற்றொன்றின் முகவரி 192.168.1 என்றும் தொடங்கினால் அதுவே அடையாளம். பின்னறைக் கணினியால் முன்னறைக் கணினியை முகவரி தட்டித் தொட முடியலாம். எதிர்த்திசையில் வழி அடைபட்டிருக்கும். ஒரு பக்கம் மட்டும் திறக்கும் புதிருக்குப் பெரும்பாலும் இதுதான் விடை. இரண்டாவது ரவுட்டரை ‘அக்சஸ் பாயிண்ட்’ நிலைக்கு மாற்றினால் வலை ஒன்றாகிவிடும். விருந்தினர் வைஃபையில் சேர்ந்த கருவிக்கும் மற்றக் கருவிகள் பொதுவாகத் தெரியாது.

ஃபயர்வாலை அடியோடு அணைத்தால் சரியாகும் என்பது ஆபத்தான ஆலோசனை. விண்டோஸ் 11 புதிய வைஃபையைப் பொது வலையாகவே எடுத்துக்கொண்டு பகிர்வைத் தடுக்கிறது. வீட்டு வலையைத் தனிப்பட்ட வலை என்று மாற்றிக் கோப்புப் பகிர்வை இயக்கினாலே போதும்.

கணினியைத் திறக்கும் பின் எண் கோப்புறையையும் திறக்கும் என்று எண்ணுவோர் அதிகம். பின் எண் அந்த ஒரு கருவிக்கு மட்டுமே உரியது. வலைவழி கேட்கும்போது கணக்கின் கடவுச்சொல்லைத்தான் தர வேண்டும். கடவுச்சொல்லே இல்லாத கணக்கையும் விண்டோஸ் வலைவழியே ஏற்பதில்லை. அனுமதியும் இரண்டு அடுக்கு கொண்டது: பகிர்வு அனுமதி ஒன்று, வட்டில் கோப்புறைக்குள்ள அனுமதி மற்றொன்று. இரண்டில் எது கடுமையோ அதுவே செல்லும். ஆகவே பகிர்வில் எல்லோருக்கும் முழு உரிமை கொடுத்தபின்னும் ‘அனுமதி இல்லை’ என்று வருவதில் வியப்பில்லை.

எல்லாவற்றிலும் கேடான அறிவுரை, எஸ்எம்பி 1 என்னும் பழைய கோப்புப் பகிர்வு முறையை மீண்டும் இயக்கச் சொல்வது. 2017 மே மாதம் உலகெங்கும் கணினிகளை முடக்கிய வான்னாகிரை என்னும் தீநிரல் அந்த முறையிலிருந்த ஓட்டை வழியாகவே பரவியது. லயத்து வீட்டுப் படங்களும் தாத்தாவின் பத்திரங்களும் வேறு நகலின்றி ஒரே கோப்புறையில் கிடக்கும் குடும்பத்துக்கு அப்படியொரு முடக்கம் ஈடுசெய்ய முடியாத இழப்பு. 2024இல் வந்த விண்டோஸ் 11 24எச்2 பதிப்பின் புரோ வகை ஒப்பமிட்ட இணைப்பை இயல்பாகவே கோருகிறது. கடவுச்சொல் இல்லாத விருந்தினர் நுழைவையும் மறுக்கிறது. வீட்டு வலையில் இணைத்து நேற்றுவரை திறந்த பழைய சேமிப்புப் பெட்டி விண்டோஸ் புதுப்பிப்புக்குப் பின் திறக்காததால் அது பழுதாகிவிட்டது என்று பொருளில்லை. பெட்டியின் மென்பொருளைப் புதுப்பித்து, எஸ்எம்பி 2 அல்லது 3ஐ இயக்கி, கடவுச்சொல்லுடன் ஒரு கணக்கை உருவாக்க வேண்டும். அதற்கு இடந்தராத பெட்டியிலிருந்து கோப்புகளை வேறு வட்டுக்கு மாற்றிவிடுவதே நல்லது.