பூங்கா முதலிலா? வரத்துக்கால் முதலிலா?



குளக்கரைப் பூங்கா என்றதும் நமக்கு ஊஞ்சலும் சிமெண்ட் பெஞ்சும்தான் ஞாபகம் வரும். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். ஒருநாள் எங்க தாத்தா கேட்டார்: "வரத்துக்கால் தூந்து கிடந்தா, கரையில பூச்செடி வச்சு என்னடா பிரயோசனம்?" அதற்குப் பதில் தேடிப் படித்ததை இங்கே எழுதுகிறேன்.

பெங்களூரில் சர்ஜாபூர் சாலை அருகே கைகொண்ட்ரஹள்ளி ஏரி இருக்கிறது. ஏறத்தாழ 48 ஏக்கர். சுற்றிலும் வீடுகள் பெருகின. சாக்கடையும் குப்பையும் சேர்ந்து ஏரி பாழானது. 2008-க்குப் பிறகு மாநகராட்சி அதைச் சீரமைக்க முன்வந்தது. அங்கே குடியிருந்தவர்கள் சும்மா இருக்கவில்லை. அதிகாரிகளோடு உட்கார்ந்து பேசித் திட்டம் போட்டார்கள். அதில் நாம் கவனிக்க வேண்டியவை:

1. சாக்கடை நீரை ஏரிக்குள் விடாமல் திருப்பிவிட்டார்கள்.
2. வண்டலை அள்ளி ஆழப்படுத்தினார்கள்.
3. நடைபாதை போட்டு, மரக்கன்று நட்டார்கள். பறவைகளுக்குத் தண்ணீருக்குள் திட்டுகளும் அமைத்தார்கள்.

சாக்கடையை ஏன் தடுக்க வேண்டும்? அதில் நைட்ரஜனும் பாஸ்பரஸும் நிறைய உண்டு. அவை பாசிக்கும் ஆகாயத்தாமரைக்கும் உரம் போட்ட மாதிரி. அவை மண்டி, மடிந்து, அழுகும்போது தண்ணீரிலுள்ள ஆக்சிஜன் தீர்ந்துவிடும். மீன் செத்து மிதக்கும். நாற்றமடிக்கிற குளத்தின் பக்கத்தில் பூங்கா இருந்தும் யார் போவார்கள்?

இன்னொரு நல்ல விஷயம். மாட்டுக்குப் புல் அறுக்க வரும் கிராமத்தாரை வேலி போட்டு விரட்டவில்லை. அவர்களுக்கும் அங்கே இடம் கொடுத்தார்கள். பிறகு குடியிருப்போர் அறக்கட்டளை ஒன்று அமைத்துப் பராமரிப்பில் பங்கெடுத்தார்கள். இருந்தாலும் கழிவுநீர்த் தொல்லை மறுபடியும் தலைகாட்டியது. ஆகவே இது ஒருநாள் வேலை இல்லை!

நம் தமிழ்நாட்டிலும் 2013-இல் கோவை உக்கடம் பெரியகுளத்தைத் தூர்வார 'சிறுதுளி' அமைப்பு, மாநகராட்சி இவற்றோடு பொதுமக்களும் திரளாகக் கைகோத்தார்கள். நம் பக்கத்தில் இது புதுசா என்ன? கண்மாயை ஊரே கூடி மராமத்து பார்ப்பதைத்தான் நம் முன்னோர் குடிமராமத்து என்றார்கள். கரை, மடை, கலிங்கு, வரத்துக்கால் நாலும் சரியாக இருந்தால்தான் அது கண்மாய்.

உண்மையைச் சொல்கிறேன். தின்பண்டம் வாங்கிய பாலிதீன் பையை ஓடையில் எறிந்தவன்தான் நானும். அந்த ஓடைதான் கண்மாய்க்குத் தண்ணீர் கொண்டுவருகிறது என்று அப்போது எனக்குத் தெரியாது.

நண்பர்களே! நம் ஊர்ப் பெயரிலேயே குளம் இருக்கிறது. ஐப்பசி மழைக்கு முன்னால் ஆசிரியர் துணையோடு வரத்துக்கால் ஓரமாக நடப்போம். எங்கே அடைப்பு, எங்கே குப்பை, எங்கே சீமைக்கருவேலம் என்று நோட்டில் வரைபடம் போடுவோம். அதைப் பஞ்சாயத்தில் கொடுப்போம். பூச்செடி அப்புறம் வைக்கலாம்.

முதலில் தண்ணீர் வரட்டும்!