மனப்பிணியும் குடிப்பிணியும்: துணை நிற்போர் பெறவேண்டிய பயிற்சி

பெங்களூரிலிருந்து ஓசூர் செல்லும் நெடுஞ்சாலையில், ஆனேகல் தாலுகாவில், சந்தாபுரா என்னும் ஊர் உள்ளது. பொம்மசந்திரா, ஜிகணி முதலிய தொழிற்பேட்டைகள் அதனை அடுத்திருப்பதால், தமிழ்நாட்டிலிருந்தும் பிற மாநிலங்களிலிருந்தும் பிழைப்பை நாடி வந்தோர் அப்பகுதியில் பலர் வாழ்கின்றனர். உற்றாரைப் பிரிந்த தனிமையும், இரவு வேலையும், கடனும் ஒருங்கே சேர்ந்த இடத்தில் மதுவும் மனச்சோர்வும் எளிதில் குடிபுகும். அங்ஙனம் துன்புறுவோருக்குத் துணை நிற்க முன்வரும் நல்லன்பர்களும் எவ்வூரிலும் உளர். அவர்தம் கருணை போற்றத்தக்கது. ஆயினும், கருணை மட்டும் போதுமா? பயிற்சியற்ற கருணை தீங்கு விளைக்கவும் கூடுமா? இவ்வினாக்களையே இப்பாடத்தில் ஆராய்வோம்.

1. விநயம் வகுத்த முறை

விநய பிடகத்தின் மகாவக்கத்தில் ஒரு வரலாறு உண்டு. வயிற்றுக்கடுப்பால் வருந்திய பிக்ஷு ஒருவர் தம் மலசலத்திலேயே கிடந்தார். அவர் பிறருக்கு எவ்வுதவியும் செய்யாதவராகையால், பிறரும் அவரைக் கவனித்திலர். அவ்விடம் வந்த பகவான் புத்தர் நீர் வார்க்க, ஆனந்தர் அவரைக் கழுவினார். பின்னர், தலைப்புறம் பகவானும் கால்புறம் ஆனந்தரும் தாங்கி அவரைக் கட்டிலில் கிடத்தினர். தமக்குப் பணிவிடை செய்ய விரும்புவோர் பிணியாளருக்குச் செய்வாராக என்று பகவான் பிக்ஷுக்களுக்கு அறிவுறுத்தினார்.

அத்துடன் அவர் அமையவில்லை. பிணியாளரைப் பேணத் தகுந்தவருக்கு 5 இலக்கணங்களையும் வகுத்தார். மருந்தைச் சேர்க்க அறிந்திருத்தல். தக்கதும் தகாததும் உணர்ந்து, தக்கதைக் கொணர்ந்து தகாததை அகற்றுதல். ஊதியம் கருதாது அன்புள்ளத்தோடு பேணுதல். மலசலம், வாந்தி முதலியவற்றை அகற்ற அருவருக்காதிருத்தல். உரிய காலங்களில் அறவுரையால் தேற்றுதல் என்பன அவை. கருணையைப் போற்றிய இடத்திலேயே திறமையும் கேட்கப்பட்டிருப்பது கருதத்தக்கது. அறவுரை ஐந்தாவதாக நிற்பதும் கருதத்தக்கது. நாமோ குடிப்பவனிடம் பெரும்பாலும் அறவுரையையே முதலாவதாக எடுத்துச் செல்கிறோம்.

2. மருந்தறிவு

15 ஆண்டுகளாக நாள்தோறும் மிகுதியாகக் குடித்துவந்த ஒருவர் எனக் கொள்வோம். அன்பர்கள் அவரை அழைத்துப் பஞ்சசீலம் ஏற்கச் செய்து, இன்றுமுதல் ஒரு துளியும் தொடாதிருக்க உறுதி வாங்கி, வீட்டிற்கு அனுப்பிவிடுகின்றனர். செயல் நன்றெனத் தோன்றும். ஆனால் சில மணி நேரத்தில் அவருக்குக் கைநடுக்கமும் வியர்வையும் உறக்கமின்மையும் தோன்றலாம். முதல் 2 நாட்களுக்குள் வலிப்பு வரலாம். ஏறத்தாழ 2 முதல் 4 நாட்களில் அறிவு தடுமாறி, இல்லாதன கண்ணுக்குத் தோன்றும் சன்னி பிறக்கலாம். சிகிச்சையின்றி விடின் இச்சன்னி உயிரையும் வாங்கும். மதுவுக்குப் பழகிய மூளை அது திடீரென நிற்கும்போது கட்டுக்கடங்காத கிளர்ச்சி அடைவதே இதற்குக் காரணம்.

மருத்துவர் தக்க மாத்திரைகளை நாளடைவில் குறைத்துக் கொடுத்தும், பி1 வைட்டமின் அளித்தும் இவ்வபாயத்தைத் தடுக்கின்றனர். துணையாளர் மருந்து கொடுக்கும் உரிமையுடையவரல்லர். எனினும், யாரை உடனே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லவேண்டும் என்று அவர் அறிந்திருத்தல் வேண்டும். முன்பு நிறுத்தியபோது வலிப்போ சன்னியோ கண்டவர், காலையில் எழுந்தவுடன் நடுக்கம் தீரக் குடிப்பவர் ஆகியோரை மருத்துவர் பார்த்த பின்னரே நிறுத்தச் செய்தல் வேண்டும். ஐந்தாம் சீலத்தைக் காப்பதற்கும் இதுவே பாதுகாப்பான வழியாகும்.

3. தக்கதும் தகாததும்

உலக சுகாதார நிறுவனம் வகுத்த 10 வினாக்கள் கொண்ட ஆடிட் என்னும் அளவுகோல், ஒருவரது குடியின் கடுமையை மதிப்பிட உதவுகிறது. பயிற்சியில் முதலில் கற்பனவற்றுள் இதுவும் ஒன்று. மனச்சோர்வுற்றவரிடம் தற்கொலை எண்ணம் உண்டா என்று நேராகவும் பரிவாகவும் கேட்கக் கற்பது மற்றொன்று. அவ்வாறு கேட்பது அவ்வெண்ணத்தை ஊட்டிவிடும் என்பது தவறான அச்சமே. பதில் ஆம் எனின், அவரைத் தனியே விடாது மருத்துவ உதவியை நாடுதல் வேண்டும்.

4. அன்பும் அருவருப்பின்மையும்

விட்டவர் மீண்டும் குடிப்பது இந்நோயில் அடிக்கடி நிகழ்வது. அன்று முகம் சுளித்து விலகுவோர், வாந்தியைக் கண்டு அகன்றவருக்கு ஒப்பாவர். எவ்விடத்தில், யாருடன், எந்த உணர்ச்சியில் மீண்டும் தொடங்கினார் என்று அவருடனிருந்து ஆராய்வதே பயின்றவர் செய்யும் பணி. பிணியாளர் நம்பிக் கூறியவற்றை வெளியிடாமையும் அன்பின் பகுதியே. 2018 மே மாதம் நடைமுறைக்கு வந்த 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டமும் இரகசியம் காக்கப்படுவதைப் பிணியாளரின் உரிமையாக்கியுள்ளது.

5. அறவுரை

அமெரிக்க உளவியலறிஞர் வில்லியம் மில்லர் 1983-ல் எழுதிய ஒரு கட்டுரையிலிருந்து வளர்ந்த முறை ஒன்று இன்று பல நாடுகளிலும் கற்பிக்கப்படுகிறது. வாதிட்டுக் கடிந்தால் குடிப்பவர் தம் குடிக்கே வக்கீலாகிவிடுவார். பொறுமையாகக் கேட்டால், மாறவேண்டிய காரணத்தை அவர் வாயே கூறும் என்பது அதன் சாரம். ஆகவே துணையாளர் முதலில் பயில்வது பேச்சன்று, செவிகொடுத்தலே.

6. அண்டையிலுள்ள சான்று

இப்பயிற்சி சாதாரண மக்களுக்கு இயலுமா என்று ஐயுறுவோர் சந்தாபுராவிலிருந்து நெடுந்தூரம் செல்லவேண்டுவதில்லை. 1974-ல் நிம்ஹான்ஸ் என்ற பெயரில் அமைந்த பெங்களூர் மனநல ஸ்தாபனம், 1975-ல் சமூக மனநலப் பிரிவைத் தொடங்கிற்று. 1976-ல் அதே ஆனேகல் தாலுகாவின் சக்கலவாரா கிராமத்தில் அதற்கு ஒரு நிலையம் அமைந்தது. ஆரம்ப சுகாதார நிலைய வைத்தியர்களுக்கும் கிராம சுகாதார ஊழியர்களுக்கும் மனநோயை அடையாளம் காணவும், மருந்து உண்பவரைத் தொடர்ந்து கவனிக்கவும் அங்கு பயிற்சி அளிக்கப்பட்டது. 1980-களில் பெல்லாரி மாவட்டத்தில் இம்முறை விரிவாகச் சோதிக்கப்பட்டது. 1996-ல் தொடங்கிய மாவட்ட மனநலத் திட்டத்திற்கு அதுவே முன்மாதிரியாயிற்று.

கோவாவில் 10 ஆரம்ப சுகாதார நிலையங்களில் நடந்து 2017-ல் வெளியான ஆராய்ச்சியும் உண்டு. மனநலத் துறையில் முன்பயிற்சி இல்லாத சாதாரண ஆலோசகர்கள் பயிற்சி பெற்று, தீங்கு தரும் அளவில் குடித்த ஆடவரை அதிகமாய்ப் போனால் 4 முறை சந்தித்தனர். 3 மாதங்களில் இவர்களால் உதவப்பெற்றோருள் 100-க்கு 36 பேரும், உதவப்பெறாதோருள் 26 பேரும் மீண்டனர். கடுமையாக அடிமைப்பட்டோர் இதில் சேர்க்கப்படவில்லை. அவர்களுக்கு மருத்துவமனையே முதற்புகலிடம்.

தேவை மிகப் பெரிது. 2015-16-ல் 12 மாநிலங்களில் நடந்த தேசிய மனநலக் கணக்கெடுப்பின்படி, மதுப் பிணியுடையோருள் 100-க்கு 86 பேர் சிகிச்சையின்றி இருந்தனர்.

7. பயில விரும்புவோர்க்கு

மனநல சமூகப்பணி, மனநலச் செவிலியம் ஆகியவற்றை முறையாகப் பயில விழைவோருக்கு ஓசூர் சாலையிலேயே உள்ள நிம்ஹான்ஸ் இடமளிக்கிறது. சென்னையில் சாந்தி ரங்கநாதன் அம்மையார் 1980-ல் நிறுவிய டி.டி.கே. மருத்துவமனை, குடிநோய் சிகிச்சையோடு ஊழியர் பயிற்சியையும் மேற்கொண்டது. மஞ்சக்குடி கிராமத்தில் 1989 முதல் அது முகாம்கள் நடத்திக் குடும்பத்தாரையும் சிகிச்சையில் சேர்த்துக்கொண்டது. உடனடித் துணை வேண்டுவோர், 2022 அக்டோபரில் தொடங்கிய டெலி மானஸ் என்னும் அரசுத் தொலைபேசிச் சேவையை 14416 என்ற எண்ணில் அழைத்து, தமிழிலும் கன்னடத்திலும் பேசலாம்.

பயிற்சி முழுமையுறாதவர் மூன்றினை இன்றே மேற்கொள்ளலாம்: கடியாது கேட்டல், அபாயக்குறி கண்டவிடத்து மருத்துவரிடம் சேர்த்தல், மீண்டும் வீழ்ந்தவரை மீண்டும் சென்று காணுதல்.

சிந்தனைக்குரிய வினாக்கள்

(1) ஐந்து இலக்கணங்களுள் அறவுரை இறுதியில் வைக்கப்பட்டதன் பயன் யாது?

(2) நெடுங்காலம் குடித்தவரைத் திடீரென நிறுத்தச் செய்வதில் உள்ள அபாயங்கள் எவை? அவை எந்நாட்களில் தோன்றும்?

(3) உமது ஊரில் குடிநோயாளியை அழைத்துச் செல்லத்தக்க மருத்துவமனை எது? இரவில் அங்கு செல்லும் வழி யாது?