பேரனுக்கு ஒரு பிஸ்கட்

கொல்கத்தாவில் லேக் மார்க்கெட் என்ற பகுதி உண்டு. அங்கே பல ஆண்டுகளாகத் தமிழ்க் குடும்பங்கள் வாழ்கின்றன. எங்கு பார்த்தாலும் டீக்கடை. மண் குவளையில் டீ, கண்ணாடி ஜாடியில் பிஸ்கட். பிஸ்கட்டுக்கும் இந்த ஊருக்கும் பழைய உறவு. பிரிட்டானியா கம்பெனி 1892-இல் இந்த ஊரில்தான் தொடங்கியது. அன்றைய முதலீடு 295 ரூபாய்.

அங்கே ஒரு பாட்டி இருந்தார். அவருக்குச் சர்க்கரை நோய். அவருடைய பேரனுக்கு வயது ஆறு. அவனுக்கு அடிக்கடி வயிற்றுப்போக்கு. வயிறு உப்பியிருந்தது. எடை ஏறவில்லை. ரத்தசோகையும் வந்துவிட்டது. "பிள்ளைக்குக் கண் பட்டுவிட்டது" என்று பாட்டி திருஷ்டி சுற்றிப் போட்டார். நோய் தீரவில்லை.

மருத்துவமனைக்குப் போனார்கள். ரத்தத்தையும் குடலையும் சோதித்தார்கள். "இது சீலியாக் நோய்" என்றார் டாக்டர்.

சீலியாக் நோய் என்றால் என்ன?

கோதுமையிலும் பார்லியிலும் குளூட்டன் என்ற புரதம் உள்ளது. பிசைந்த மாவு இழுபடுவது இதனால்தான். பெரும்பாலோருக்கு இது கெடுதல் செய்யாது. சீலியாக் நோய் உள்ளவருக்கோ சிறுகுடலைக் கெடுக்கும். சாப்பிட்ட சத்து உடம்பில் சேராது. குளூட்டனை வாழ்நாள் முழுவதும் அறவே நீக்குவதே இதற்கு வழி.

மைதா, ரவை, சேமியா எல்லாம் கோதுமைதான். கூட்டுப் பெருங்காயத்திலும் கோதுமை மாவு கலப்பது உண்டு.

ஒரு நாள் பேரன் அழுதான். "அக்கா மட்டும் பிஸ்கட் தின்கிறாள். எனக்குக் கிடையாதா பாட்டி?"

"ஓட்ஸில் செய்யலாம் பாட்டி" என்றாள் பேத்தி.

இருவரும் கடைக்குப் போனார்கள். பேத்தி பாக்கெட்டைப் படித்தாள். "கோதுமை கலந்திருக்கலாம் என்று போட்டிருக்கிறது. இது வேண்டாம்" என்றாள்.

ஓட்ஸில் இயற்கையாகக் குளூட்டன் இல்லை. ஆனால் வயலிலும் மில்லிலும் கோதுமை கலந்துவிடும். ஆகவே 'குளூட்டன் இல்லாதது' என்று அச்சிட்ட பாக்கெட்டையே வாங்க வேண்டும். சிலருக்குச் சுத்தமான ஓட்ஸும் ஒத்துக்கொள்ளாது. பாட்டி டாக்டரைக் கேட்ட பிறகே செய்தார்.

செய்முறை

ஓட்ஸ் மாவு 1 கப், வறுத்த வேர்க்கடலைப் பொடி அரை கப், பழுத்த வாழைப்பழம் 1, நெய் 2 ஸ்பூன், ஏலப்பொடி, உப்பு சிறிது. எல்லாவற்றையும் பிசையுங்கள். சிறு வில்லைகளாகத் தட்டுங்கள். தோசைக்கல்லில் வைத்து மூடுங்கள். சிறு தீயில் இருபுறமும் சிவக்க விடுங்கள். சப்பாத்திக்குப் புழங்கும் கல்லும் பலகையும் இதற்கு ஆகாது.

"கொஞ்சம் வெல்லம் போட்டால் எனக்கும் ஆகுமே?" என்றார் பாட்டி.

"வெல்லமும் சர்க்கரைதான் பாட்டி. பழத்திலும் இனிப்பு உண்டு. உங்களுக்கு ஒன்று போதும்!"

பாட்டி சிரித்தார். பேரன் இரண்டு பிஸ்கட் தின்றான். அன்று வயிறு வலிக்கவில்லை.

நினைவில் கொள்வோம்

சோதனைக்கு முன்பே கோதுமையை நிறுத்தாதீர்கள். நிறுத்தினால் சோதனையில் நோய் தெரியாமல் போகலாம். நோய் இல்லாதவர் கோதுமையை ஒதுக்க வேண்டியதில்லை.

கேள்விகள்

1. பேத்தி முதல் பாக்கெட்டை ஏன் வேண்டாம் என்றாள்?
2. உங்கள் வீட்டில் கோதுமை கலந்த பொருள்கள் எவை? எழுதுங்கள்.