‘எம்பிரேஸ் சேஞ்ச்’: சொன்னால் போதாது, காட்டுங்கள்

நேர்முகத் தேர்வில் “ஐ எம்பிரேஸ் சேஞ்ச்” என்று யார் வேண்டுமானாலும் சொல்லலாம். மாற்றத்தை மனமுவந்து ஏற்பேன் என்று பொருள். எதிரே இருப்பவர் அடுத்துக் கேட்பார்: “எப்போது? என்ன செய்தீர்கள்?” அங்கேதான் பலருக்கு நாக்கு ஒட்டிக்கொள்கிறது.

உள்ளூர் உதாரணம் ஒன்றைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்

ஜோகூர்க்காரர்களுக்கு இதற்குப் பஞ்சமில்லை. 2014 முதல் இங்கே அரசு அலுவலகங்களுக்கும் பள்ளிகளுக்கும் வெள்ளி, சனி விடுமுறையாக இருந்தது. 2025 ஜனவரி 1 முதல் அது சனி, ஞாயிறாக மாறியது. ஞாயிற்றுக்கிழமையில் முடித்துவந்த அரசு வேலைகளை வார நாளுக்குத் தள்ள வேண்டியிருந்தது. வெள்ளி மதியத் தொழுகை நேரம் வேலை நாளுக்குள் வந்தது. அப்போது ஷிஃப்ட் அட்டவணையைத் திருத்தியவர் நீங்கள் என்றால், இப்படிச் சொல்லுங்கள்: “வெள்ளி மதியத்துக்கு முஸ்லிம் அல்லாத இருவரைக் கவுன்டரில் நிறுத்தினேன், அவர்களுக்கு உணவு இடைவேளையை முன்கூட்டியே கொடுத்தேன்.” யார், எப்போது, என்ன செய்தார் என்ற மூன்றும் இருந்தால் பதில் நிற்கும்.

எங்கே சொல்லக் கூடாது?

புதிய மென்பொருள், புதிய பொறுப்பு, புதிய குழு என்றால் தாராளமாகச் சொல்லலாம். ஆட்குறைப்பில் வேலை இழந்தவரிடம் மேலாளர் “எம்பிரேஸ் சேஞ்ச்” என்று சொன்னால் வெந்த புண்ணில் வேல் பாய்ச்சுவதாகும்.

ஏற்பது வேறு, தலையாட்டுவது வேறு

புதிய அட்டவணையில் கையெழுத்திடும் முன் வேலை நேரத்தைக் கூட்டிப் பாருங்கள். 2023 முதல் தீபகற்ப மலேசியாவில் சட்டப்படி வாரத்துக்கு 45 மணி நேரம்தான் வழக்கமான வேலை. மாதச் சம்பளம் 4,000 ரிங்கிட்டைத் தாண்டாதவர் வேலை நாளில் கூடுதல் நேரம் உழைத்தால் மணிக்கு ஒன்றரை மடங்கு ஊதியம் உண்டு. இதைக் கேட்பதால் நீங்கள் மாற்றத்துக்கு எதிரி ஆகிவிட மாட்டீர்கள்.

அடுத்த மாற்றத்துக்குத் தயாரா?

ஜோகூரின் புக்கிட் சாகாரையும் சிங்கப்பூரின் உட்லண்ட்ஸ் நார்த்தையும் இணைக்கும் ஆர்டிஎஸ் ரயில் பாதை 4 கி.மீ., பயணம் சுமார் 5 நிமிடம். 2025 ஜனவரியில் ஒப்பந்தம் கையெழுத்தான ஜோகூர்–சிங்கப்பூர் சிறப்புப் பொருளாதார மண்டலத்தின் இலக்கு முதல் ஐந்தாண்டில் 20,000 திறன்சார் வேலைகள். உங்கள் துறையில் அங்கே எந்தத் திறனைக் கேட்கிறார்கள் என்று மைஃபியூச்சர்ஜாப்ஸ் வேலைவாய்ப்புத் தளத்தில் பாருங்கள். இல்லாத திறன் ஒன்றைத் தேர்ந்தெடுத்துப் படிக்கத் தொடங்குங்கள். அடுத்த நேர்முகத்தில் உங்கள் உதாரணம் அதுவாகவே இருக்கட்டும்.